கண்ணுக்குள் வாயு இருக்கும்வரை மலையேற வேண்டாம்: விழித்திரை அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பராமரிப்பு, நீலகிரிக்காரர்களுக்காக

விழித்திரை விலகலுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, கோயம்புத்தூரில் மருத்துவமனை வாசலில் நிற்கும் குன்னூர்க்காரருக்கு முதலில் தோன்றுவது, பொழுது சாய்வதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான். மேட்டுப்பாளையம் வரை ஒரு மணி நேரம், அங்கிருந்து மலைப்பாதையில் இன்னொரு மணி நேரம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்த இரண்டாவது மணி நேரத்தில்தான் ஆபத்து இருக்கிறது. அறுவை செய்த கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், பர்லியாறு தாண்டி ஏற ஏற அந்த வாயு விரிந்து, கண்ணின் அழுத்தத்தைக் கூட்டி, விழித்திரைக்குப் போகும் இரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடக்கூடும். பல மருத்துவமனைகள் தரும் அறிவுரைத் தாளில் 'விமானப் பயணம் கூடாது' என்று ஒரு வரி இருக்கும். நாம் விமானத்தில் போகப்போவதில்லையே என்று அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறோம். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் சுமார் 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. குன்னூரின் உயரம் சுமார் 1,850 மீட்டர், உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். இந்த ஒரு விஷயத்தில் ஊட்டிப் பேருந்தும் விமானமும் ஒன்றுதான்.

என் அக்காவுக்கு இந்த அறுவை நடந்தபோது இதை எங்களுக்கு யாரும் தானாக எடுத்துச் சொல்லவில்லை. மருந்து வாங்கும் இடத்தில், "நீங்க எந்த ஊரு?" என்று ஒரு செவிலியர் பேச்சுவாக்கில் கேட்டு, குன்னூர் என்றதும் பதறிப்போய் எங்களைத் திரும்ப மருத்துவரிடம் அனுப்பினார். அவர் கேட்டிருக்காவிட்டால் அன்று மாலையே மலையேறியிருப்போம். அதனால்தான் பராமரிப்பு பற்றி எழுத உட்கார்ந்தவுடன் சொட்டு மருந்தில் தொடங்காமல் மலைப்பாதையில் தொடங்குகிறேன்.

கண்ணுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள்?

விழித்திரை என்பது கண்ணின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலம். அதில் ஒரு கிழிசலோ துளையோ விழுந்து, அதன் வழியே நீர் உள்ளே புகுந்து, சுவரிலிருந்து படலத்தைப் பெயர்த்துவிடுவதுதான் விழித்திரை விலகலில் பெரும்பாலும் நடப்பது. மருத்துவர் கிழிசலைச் சுற்றி லேசர் அல்லது உறைய வைக்கும் முறையால் தழும்பு உண்டாக்கி அடைக்கிறார். அந்தத் தழும்பு இறுகிப் பிடிக்கும்வரை படலத்தைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருக்க ஏதாவது ஒன்று வேண்டும். கண்ணுக்கு வெளியே சிலிகான் பட்டை வைத்துத் தைத்து, சுவரை உள்ளே தள்ளுவது ஒரு வழி. இதைப் பக்கிள் என்பார்கள். கண்ணின் உள்ளே இருக்கும் கூழ் போன்ற பொருளை அகற்றிவிட்டு வாயுவையோ சிலிகான் எண்ணெயையோ நிரப்புவது இன்னொரு வழி; இது விட்ரெக்டமி.

ஆகவே மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன், ஏன், அறுவைக்கு நாள் குறிக்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "கண்ணுக்குள் கேஸா, ஆயிலா, இரண்டும் இல்லையா?" கேஸ் என்றால் எந்தக் கேஸ் என்பதையும் கேட்டு, டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் காற்று ஏறத்தாழ ஒரு வாரத்தில் கரைந்துவிடும். எஸ்எஃப்6 என்ற வாயு இரண்டு வாரம், சில நேரம் மூன்று வாரம் வரை நிற்கும். சி3எஃப்8 என்றால் ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். சிலிகான் எண்ணெய் மலையேறினால் விரிவதில்லை. எண்ணெய் மட்டும் வைத்தவர்கள் மருத்துவர் அனுமதித்ததும் ஊர் திரும்பலாம். பக்கிள் மட்டும் வைத்தவர்களுக்கும் உயரம் ஒரு தடை அல்ல. ஆனால் பக்கிளோடு சேர்த்துக் கொஞ்சம் காற்றோ வாயுவோ செலுத்துவதும் உண்டு என்பதால், 'பட்டைதானே வைத்தார்கள்' என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. அறுவை அரங்குக்குப் போகாமல், ஊசி மூலம் வாயுக்குமிழியை மட்டும் செலுத்திச் செய்யும் சிகிச்சைக்கும் இதே கட்டுப்பாடு பொருந்தும்.

வாயு ஏன் விரிகிறது என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் குன்னூர் வந்து சேரும்போது பலூன் போல உப்பியிருப்பதையும், உதகையில் குடித்துவிட்டு இறுக மூடிய தண்ணீர் பாட்டில் கீழே இறங்கியதும் நசுங்கிப்போவதையும் நாம் பார்த்தே வளர்ந்திருக்கிறோம். கண்ணின் உட்பகுதி சுமார் 4 மில்லிலிட்டர் கொள்ளும். அது முழுக்க வாயு நிரம்பியிருக்கும் நிலையில் கோயம்புத்தூரிலிருந்து உதகைக்கு ஏறினால், அந்த 4 மில்லி ஏறத்தாழ 5 மில்லியாக விரியப் பார்க்கும். பாக்கெட் உப்பிக்கொடுக்கும், கண் உப்பிக்கொடுக்காது. அந்த அழுத்தம் முழுவதும் உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்களின் மேலும் பார்வை நரம்பின் மேலும் இறங்கும். கார், பேருந்து, மலை ரயில் எதில் போனாலும் போய்ச் சேரும் உயரம் ஒன்றுதான். கோத்தகிரி வழியாகப் போவதும் உதவாது. அதுவும் குன்னூருக்கு நிகரான உயரம்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறுபவர்களுக்கும் கணக்கு இதேதான்.

கூடலூர், பந்தலூர்க்காரர்களின் நிலை இன்னும் சங்கடமானது. அவர்கள் ஊரின் உயரம் குறைவு என்றாலும், கோயம்புத்தூரிலிருந்து வழக்கமான வழியில் போனால் உதகையைக் கடந்துதான் இறங்க வேண்டும். பாலக்காடு, நிலம்பூர், நாடுகாணி வழியாகச் சுற்றிப்போனால் அந்தச் சிகரத்தைத் தவிர்க்கலாம். ஆனால் கூடலூரே ஆயிரம் மீட்டரைத் தொட்ட ஊர். சில நூறு மீட்டர் ஏற்றத்திலேயே அழுத்தம் கூடக்கூடும் என்பதால், இந்தச் சுற்றுவழியையும் மருத்துவரிடம் ஊர்ப்பெயரோடும் உயரத்தோடும் சொல்லிக் கேட்காமல் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இவ்வளவு சொல்லியும் யாராவது ஏறிவிட்டு, வழியில் கண் வலிக்கிறது, மங்குகிறது, குமட்டுகிறது என்றால், 'வீடு பக்கத்தில்தான்' என்று மேலே தொடரவே கூடாது. வண்டியைத் திருப்பி உடனே கீழே இறங்க வேண்டும். இறங்கும்போதே அறுவை செய்த மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லி, நேரே அங்கே போக வேண்டும்.

கீழே தங்கும் நாட்கள்

வாயு வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ கோயம்புத்தூரிலோ தங்குமிடம் பார்ப்பது அறுவைக்கு முந்தைய வேலை. உறவினர் வீடு இருந்தால் நல்லது. இரண்டு மாதம் ஒரு வீட்டில் தங்குவதற்குக் கூச்சப்படுபவர்கள், மருத்துவமனைக்குப் பக்கத்தில் மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொள்ளலாம். தரைத்தளமாக இருக்கட்டும், உட்கார்ந்து எழக்கூடிய கழிப்பறை இருக்கட்டும், இரவில் சொட்டு மருந்து விட ஓர் ஆள் உடன் இருக்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், தங்கள் சிகிச்சைக்கு அதில் என்ன கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், மிச்சமாகும் பணம் இந்த வாடகைக்காவது உதவும்.

அறுவை முடிந்ததும் கையில் ஒரு பட்டை கட்டியிருந்தால், வாயு முழுவதும் கரையும்வரை அதைக் கழற்றாதீர்கள். வேறு ஏதாவது அவசரத்துக்கு, பல் பிடுங்குவதற்கு என்றாலும் சரி, மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை உங்களுக்குப் பயன்படுத்தக் கூடாது. அது கண்ணில் உள்ள குமிழிக்குள் வேகமாகப் புகுந்து அதை ஊதிப் பெரிதாக்கிவிடும். பட்டை இல்லையென்றால் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

தலையை வைக்கும் நிலை

மருந்தைவிட நோயாளியின் பொறுமையைச் சோதிப்பது இதுதான். குமிழி எப்போதும் மேல்நோக்கி மிதக்கும். ஆகவே கிழிசல் எங்கே இருக்கிறதோ அந்த இடம் மேலே வரும்படி தலையை வைத்தால்தான் குமிழி அதை அழுத்திப் பிடிக்கும். கிழிசல் மேல்பகுதியில் இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதே போதும். பக்கவாட்டில் இருந்தால் ஒருபக்கமாகச் சாய்ந்து படுக்கச் சொல்வார்கள். விழித்திரையின் நடுப்பகுதி, அதாவது பின்சுவர் சம்பந்தப்பட்டிருந்தால் முகத்தைக் கீழே கவிழ்த்திருக்க வேண்டும். எத்தனை நாள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. பொதுவாக ஒரு மணி நேரத்தில் 50 நிமிடம் அந்த நிலையிலும், 10 நிமிடம் சாப்பிட, மருந்து விட, நடக்க என்றும் பிரித்துக்கொள்ளச் சொல்வார்கள். மல்லாந்து படுப்பதை மட்டும் வாயு உள்ள எவரும் தவிர்க்க வேண்டும். அப்போது குமிழி முன்னே வந்து விழிவில்லையில் ஒட்டிக்கொள்ளும். புரையும் கண் அழுத்தமும் அதனால் வரலாம்.

முகம் கவிழ்த்திருப்பதற்குத் தனியாக நாற்காலி, பலகை எல்லாம் வாடகைக்குக் கிடைக்கின்றன. எங்களுக்கு உதவியது சும்மாடுதான். தலையில் விறகுக்கட்டு வைக்கும்போது துணியைச் சுருட்டி வளையமாக வைப்போமே, அதேபோல ஒரு பெரிய துண்டைச் சுருட்டி, சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வைத்து, அக்கா அதன் மேல் நெற்றியை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியும் கன்ன எலும்பும் வளையத்தின் மேல் படும். கண்ணும் மூக்கும் நடுக்குழியில் இருப்பதால் கண் அழுந்தாது, மூச்சும் விடலாம். படுக்கையில் குப்புறப் படுக்கும்போது மார்புக்குக் கீழே ஒரு தலையணை, கணுக்காலுக்குக் கீழே ஒரு போர்வைச் சுருள் வைத்தால் கழுத்தும் இடுப்பும் தாங்கும். முழங்கையை மேசையில் நெடுநேரம் ஊன்றினால் சுண்டுவிரல் மரத்துப்போகும். கையை அடிக்கடி மாற்றுங்கள். ஓய்வு நிமிடங்களில் கொஞ்சம் நடப்பதும், உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைப்பதும் காலில் இரத்தம் உறையாமல் காக்கும்.

வாயு கரைவதை நோயாளியே பார்க்கலாம். முதல் நாட்களில் எல்லாமே கலங்கல்தான். 'ஆபரேஷன் செய்தும் ஒன்றுமே தெரியவில்லையே' என்று பயப்பட வேண்டாம். பிறகு பார்வையின் மேல்பகுதியில் ஒரு தெளிவு தோன்றி, கொத்தனாரின் ரசமட்டத்தில் தெரிவதுபோல ஒரு கோடு குறுக்கே ஆடும். குமிழி கண்ணுக்குள் மேலேதான் மிதக்கிறது. ஆனால் விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுவதால் நமக்கு அது கீழே இருப்பதாகத் தெரியும். நாளுக்கு நாள் கோடு இறங்கி, கடைசியில் குனிந்தால் தெரியும் கரிய வட்டமாகச் சுருங்கி மறையும். சில நேரம் சிறு சிறு குமிழிகளாக உடைந்தும் தெரியும். அது கெடுதல் அல்ல. ஆனால் 'கோடு போய்விட்டது, கிளம்பலாம்' என்று நாமாக முடிவெடுக்காமல், மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்து 'கேஸ் இல்லை' என்று எழுதித் தந்த பிறகே மலையேற வேண்டும். அதுவரை வண்டி ஓட்டுவதும் கூடாது.

சொட்டு மருந்து

பெரும்பாலோருக்கு மூன்று வகை மருந்து தருவார்கள்: கிருமிக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஸ்டீராய்டு ஒன்று, கண்மணியை விரித்து வைத்து வலியைக் குறைக்க ஒன்று. அழுத்தம் கூடியிருந்தால் அதற்கும் ஒரு சொட்டோ மாத்திரையோ சேரும். ஸ்டீராய்டைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். கண் சிவப்பு போய்விட்டது என்று திடீரென நிறுத்துவதும், நன்றாக இருக்கிறதே என்று கடையில் மறுபடி வாங்கி விட்டுக்கொண்டே இருப்பதும் இரண்டுமே தவறு. இரண்டாவதால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும். பால் போலக் கலங்கலாக இருக்கும் சொட்டை ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வெறும் நீரும் அடியில் மருந்துமாக நின்றுவிடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, உண்டாகும் சிறு பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டால் போதும். குப்பியின் முனை இமைமயிரில்கூடப் படக் கூடாது. விட்டதும் கண்ணை மெதுவாக மூடி, மூக்கை ஒட்டிய கண்ணின் ஓரத்தை ஒரு நிமிடம் விரலால் அழுத்திப் பிடித்தால், மருந்து தொண்டைக்கு இறங்காது. அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் நாடித்துடிப்பு குறைவாக உள்ளவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அழுத்தத்துக்குத் தரும் டிமோலால் சொட்டு அவர்களுக்கு மூச்சுத்திணறலையும் தலைசுற்றலையும் உண்டாக்கலாம். அசிட்டசோலமைடு மாத்திரை தந்திருந்தால் விரல் நுனிகளில் எறும்பு ஊர்வதுபோல இருக்கும். அடிக்கடி சிறுநீர் போகும். இவை அந்த மாத்திரையின் இயல்பு. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் மட்டும் முன்பே எச்சரித்துவிட வேண்டும்.

எவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது

லேசான உறுத்தல், சிவப்பு, காலையில் இமையில் ஒட்டும் பீளை, தையல் கரகரப்பு ஆகியவை முதல் வாரங்களில் இயல்பு. நாளுக்கு நாள் குறைவதற்குப் பதிலாகக் கூடும் வலி, வலியோடு வாந்தி, தெளிந்துவந்த பார்வை மறுபடி மங்குதல், சீழ், புதிதாகக் கருந்துகள்கள் பறப்பது, மின்னல் வெட்டுவதுபோன்ற ஒளி, ஓர் ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோன்ற நிழல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; அடுத்த பரிசோதனைத் தேதிவரை பொறுக்கக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னப் பழக்கம் போதும். தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழித்ததும், நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அறுவை செய்த கண்ணால் மட்டும் தேதியைப் பாருங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருந்தால், நல்ல கண் எல்லாவற்றையும் ஈடுகட்டி, கெடுவதை மறைத்துவிடும்.

பரிசோதனை நாட்களும் மலைமேல் வாழ்க்கையும்

மறுநாள், ஒரு வாரம், பிறகு சில வாரங்களுக்கு ஒருமுறை என்று வரச்சொல்வார்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்கள் முக்கியமானவை. விழித்திரையின் மேல் தழும்புச் சவ்வு வளர்ந்து மறுபடி இழுத்துப் பிரிக்கும் வாய்ப்பு அந்தக் காலத்தில்தான் அதிகம். ஒவ்வொரு முறையும் கண் அழுத்தம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். 10 முதல் 21 வரை இயல்பான அளவு. கண்மணியை விரித்துப் பார்ப்பார்கள் என்பதால் துணைக்கு ஆள் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து பாதை அடைபடுவது நமக்குப் புதிதல்ல. ஊர் திரும்பியவர்கள் அந்த மாதங்களில் பரிசோதனைக்கு ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுவது நல்லது. மருந்தும் ஒரு குப்பி கூடுதலாகக் கையில் இருக்கட்டும்.

வீடு வந்த பிறகு மலைக்கே உரிய சில தொல்லைகள் உண்டு. குளிருக்குக் கரி அடுப்பு மூட்டிக்கொண்டு பக்கத்தில் உட்காருவது, விறகடுப்புப் புகை, தோட்டத்தில் மருந்து அடிப்பது, கேரட் வயல் மண்ணைக் கிளறுவது எல்லாம் கண்ணுக்கு ஆகாதவை. கொழுந்து பறிப்பவர்கள் எத்தனை வாரம் கழித்து வேலைக்குத் திரும்பலாம் என்பதை, முதுகில் சுமக்கும் எடையையும் சரிவில் ஏறுவதையும் விவரித்துச் சொல்லிக் கேட்க வேண்டும்; 'வேலைக்குப் போகலாமா' என்று பொதுவாகக் கேட்டால் மருத்துவர் மேசை வேலையை நினைத்துப் பதில் சொல்லிவிடக்கூடும். ஒரு கண்ணில் மட்டும் பார்வை நன்றாக இருக்கும்போது ஆழம் பிடிபடாது. அக்கா டம்ளருக்கு ஊற்றிய தேநீர் டம்ளருக்கு அரை விரல் இப்பால் மேசையில் விழுந்தபோதுதான், வீட்டு வாசலின் கல் படிகள் அவருக்கு எவ்வளவு ஆபத்து என்று எங்களுக்கு உறைத்தது. படி விளிம்புகளில் வெள்ளை பெயின்ட் அடித்தோம். வெளியே போகும்போது கைத்தடி கொடுத்தோம்.

பத்தியம் என்று கத்தரிக்காய், கருவாடு என ஒவ்வொன்றாக ஒதுக்கச் சொல்வார்கள். அதற்கெல்லாம் காரணம் இல்லை. சர்க்கரை நோய் இருந்தால் அந்தக் கட்டுப்பாடு உண்டு, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. தலைக்குக் குளிப்பதை மட்டும் மருத்துவர் சொல்லும்வரை தள்ளிவைத்து, கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தொலைக்காட்சி பார்ப்பதால் விழித்திரை பிரியாது.

கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். பக்கிள் வைத்தால் கிட்டப்பார்வை கொஞ்சம் கூடும். அளவு நிலைப்பட இரண்டு மூன்று மாதம் ஆகும். நடுப்பகுதியும் பிரிந்திருந்தவர்களுக்குப் பார்வை மெதுவாக, ஓராண்டு வரைகூடத் தேறிவரும். நேர்க்கோடு சற்று நெளிந்து தெரிவது தங்கிவிடவும் செய்யலாம். விட்ரெக்டமி செய்த ஐம்பது வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் புரை வரும். அப்போது பார்வை மங்குவதைக் கண்டு அறுவை வீணாகிவிட்டதாக எண்ண வேண்டாம். மற்றக் கண்ணையும் விரித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் மெலிந்த இடமோ துளையோ இருந்தால், தேவைப்படுமிடத்தில் லேசரால் முன்கூட்டியே அடைக்கலாம்.

சிலிகான் எண்ணெய் வைத்தவர்கள் மலைக்குச் சீக்கிரம் திரும்பிவிடுவதால், எல்லாம் முடிந்ததாக நினைத்து மறந்துவிடுகிறார்கள். எண்ணெயைப் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் எடுக்க வேண்டியிருக்கும். நெடுநாள் விட்டால் அது துளித்துளியாகச் சிதறி, அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பைக் கெடுக்கும். அந்தத் தேதியை மருத்துவரிடம் கேட்டு நாள்காட்டியில் குறித்து வையுங்கள். எண்ணெயை எடுக்கும் அன்று சில நேரங்களில் அதற்குப் பதிலாகக் காற்றையோ வாயுவையோ விட்டு வைப்பார்கள். போன தடவை மறுநாளே ஊட்டிக்குப் போனோமே என்று வண்டி ஏறாமல், "இப்போது உள்ளே என்ன இருக்கிறது?" என்று அன்றும் கேட்டுவிட்டுத்தான் மேட்டுப்பாளையம் தாண்ட வேண்டும்.